கிடைக்கவில்லையா, கொடுக்கவில்லையா?

நம் ஊரில் ஒரு பெண் பதக்கம் வாங்கினால் மறுநாள் வரும் செய்தி எப்படியிருக்கும் என்று படிக்காமலே சொல்லிவிடலாம். முதல் பத்தியில் ஓட்டு வீடு அல்லது குடிசை. இரண்டாம் பத்தியில் கூலி வேலைக்குப் போகும் அம்மா, இறந்துபோன அல்லது குடித்தே அழிந்த அப்பா. அடுத்து, ஷூ இல்லாமல் வெறுங்காலோடு ஓடிய நாட்கள். பிறகு ஒரு பயிற்சியாளர் வந்து அவள் திறமையைக் கண்டுபிடிக்கிறார். விடாமுயற்சி, வியர்வை, பதக்கம். கடைசிப் பத்தியில் அமைச்சர் பொன்னாடை போர்த்துகிறார். தலைப்பும் அநேகமாக ஒன்றுதான்: ‘வறுமையை வென்ற வீராங்கனை’.

இந்தச் செய்திகளை நான் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். படிக்கும்போது கண் கலங்கத்தான் செய்கிறது. கலங்கிய பிறகு செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட முடிகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். இவ்வளவு பெரிய அநியாயத்தைப் படித்துவிட்டு ஒருவருக்கு எப்படிக் கோபம் வராமல் நெகிழ்ச்சி மட்டும் வருகிறது?

அந்தச் செய்திகளின் வாக்கியங்களைக் கவனித்தால் விடை கிடைக்கிறது. ‘ஊட்டமான உணவு கிடைக்கவில்லை’, ‘ஷூ கிடைக்கவில்லை’, ‘போதிய ஆதரவு கிடைக்கவில்லை’. தமிழில் ‘கிடை’ என்பது வசதியான வினைச்சொல். அதற்குக் கொடுப்பவர் தேவையில்லை. மழை கிடைக்கவில்லை என்பதுபோல ஷூவும் கிடைக்காமல் போகிறது. அதே வாக்கியத்தை ‘கொடுக்கவில்லை’ என்று மாற்றிப் பாருங்கள். யார் கொடுக்கவில்லை என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். பள்ளியா, மாவட்ட விளையாட்டு அலுவலகமா, சம்மேளனமா, வீடா? நம் விளையாட்டுச் செய்திகளும் விளையாட்டுப் படங்களும் இந்தக் கேள்வி எழாதபடி எழுதப்படுகின்றன என்பதே என் வாதம். யாரோ செய்யத் தவறியதை அவை அவளுடைய மனவுறுதியின் சாட்சியாக மாற்றிவிடுகின்றன.

மதுரை சக்கிமங்கலத்தின் ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்வோம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், கலப்பு 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடியவர். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். அவரையும் தங்கையையும் பாட்டி ஆரம்மாள் வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய் வளர்த்தார். பேத்திகளையும் கூலி வேலைக்கு அனுப்பச் சொன்ன உறவினர்களின் பேச்சைப் பாட்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரேவதி வெறுங்காலோடு ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் அவரைப் பார்த்தார். டோக்கியோ சமயத்தில் எல்லாப் பத்திரிகைகளும் இந்தக் கதையை எழுதின. எல்லாவற்றிலும் வெறுங்கால் இருந்தது.

ஆனால், ரேவதியை ஓட வைத்தது வெறுங்கால் அல்ல. பயிற்சியாளரின் முயற்சியால் லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைத்தன. விடுதி என்றால் மூன்று வேளைச் சாப்பாடு, மைதானத்துக்குப் போய்வரும் பஸ் காசு மிச்சம், இருட்டிய பிறகு தனியாக வீடு திரும்ப வேண்டிய பயம் இல்லை. பிறகு தேசியப் பயிற்சி முகாம், ரயில்வே வேலை, மாதச் சம்பளம். ஒரு கூலித் தொழிலாளியின் பேத்தி ஒலிம்பிக் ஓடுதளத்துக்குப் போன வழி இதுதான். இவை செய்தியில் ஒரு வரியில் கடந்துபோகின்றன. வெறுங்கால் நான்கு பத்திக்கு நீள்கிறது. படிக்கிறவர் மனத்தில் என்ன தங்கும்? உறுதி இருந்தால் விடுதி இல்லாமலும் போய்விடலாம் என்பதுதான். அப்படியானால் பாதியில் நின்றுபோன பெண்களுக்கு உறுதி போதவில்லை என்றுதானே ஆகும்?

நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். நான் படித்த பள்ளியில் விளையாட்டு வகுப்பு என்று ஒன்று கால அட்டவணையில் இருந்தது. பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் அதை வாங்கிக்கொள்வார்; பரீட்சை எப்போதும் நெருங்கிக்கொண்டேதான் இருந்தது. என்னோடு படித்த ஒருத்தி நீளம் தாண்டுதலில் மாவட்டம் வரை போனாள். வயதுக்கு வந்ததும் அரை டிராயர் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் குதிப்பதா என்று வீட்டில் நிறுத்தினார்கள். மைதானத்தில் கழிப்பறையும் கிடையாது; மாதத்தில் சில நாட்கள் வரவே முடியாது. அவளுடைய மனவுறுதிக்கு ஒரு குறையும் இல்லை. அவளைப் பற்றி எழுத ஒரு கதைதான் இல்லை. ஏனென்றால், இந்த வகைக் கதையைப் பதக்கத்திலிருந்து பின்னோக்கித்தான் எழுத முடியும்.

வறுமைக்கும் செய்தவர்கள் உண்டு. பஹ்ரைனில் 2025 அக்டோபரில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த பெண் ஒருவர் இருந்தார். ‘கண்ணகி நகரிலிருந்து இப்படியொரு பெண்ணா’ என்று ஊரே வியந்தது. கண்ணகி நகர் ஆற்று வண்டல்போலத் தானாகச் சேர்ந்த இடமல்ல. சென்னைக்கு நடுவே, வேலைக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் வாழ்ந்த மக்களை அப்புறப்படுத்தி, நகரத்தின் விளிம்பில் கொண்டுபோய்க் குடியேற்ற அரசு கட்டிய குடியிருப்பு. அப்புறப்படுத்தியதும் அரசு, பரிசு கொடுத்ததும் அரசு. பரிசைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெண் உழைத்துச் சம்பாதித்தது அது. இரண்டாவதைச் சொல்லும்போது முதலாவதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சினிமாவுக்கு வருவோம். செய்தித்தாள் விட்ட இடத்தை அது ஓர் ஆணைக் கொண்டு நிரப்புகிறது. ‘கனா’வில் (2018) கௌசல்யாவுக்குக் கனவு, அப்பாவின் கண்ணீரைப் பார்த்துத்தான் பிறக்கிறது. கடனில் மூழ்கும் விவசாயி அப்பா, தோற்றுப்போனதால் இன்னொருவரை ஜெயிக்க வைக்கத் துடிக்கும் பயிற்சியாளர் என்று இரண்டு ஆண்கள் அவளைத் தாங்குகிறார்கள். ஊர்ப் பையன்களோடு அவள் கிரிக்கெட் ஆடும் காட்சிகள் நிஜமாகவே அழகானவை. ஐஸ்வர்யா ராஜேஷ் பந்து வீசுவதற்கு உழைத்திருப்பதும் தெரிகிறது. ஆனால் எதிர்ப்பை அம்மாவின் வாயில் வைத்துவிட்டு ஆதரவை அப்பாவுக்குக் கொடுக்கிறது படம். நான் பார்த்த வீடுகளில், மகளின் விளையாட்டுக்காகத் தோட்டை அடகு வைத்தவர்களில் அம்மாக்களும் பாட்டிகளும்தான் அதிகம்.

‘பிகில்’ (2019) இன்னும் தெளிவு. ஒரு முழுப் பெண்கள் கால்பந்து அணி. அமிலம் வீசப்பட்டவள், கல்யாணமாகிப் புகுந்த வீட்டில் அடைபட்டவள் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு துயரம். ஒவ்வொரு துயரத்துக்கும் ஒரு காட்சி. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் பயிற்சியாளர். அவர் பேசினால் மாமியார் வீட்டுக் கதவு திறக்கிறது. பருமனான ஆட்டக்காரியை உடம்பைச் சொல்லி எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினால்தான் அவளுக்கு ரோஷம் வந்து ஆடுவாள் என்று படம் நம்புகிறது; திரையரங்கில் அதற்குக் கைதட்டலும் கிடைத்தது. அவமானப்படுத்தி ஆட வைப்பது ஒரு பயிற்சி முறை என்று நம் மைதானங்களில் எத்தனை பேர் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை யோசித்தால் அந்தக் கைதட்டல் பயமாக இருக்கிறது.

சுதா கொங்கரா இயக்கிய ‘இறுதிச்சுற்று’ (2016) இவற்றைவிட நேர்மையான படம். மீன் விற்கும் மதி கோபக்காரி, யாருக்கும் நன்றியோடு தலைகுனியாதவள். நிஜக் குத்துச்சண்டை வீராங்கனையான ரித்திகா சிங் அவளுக்கு நிஜமான தோள்களைக் கொடுத்தார். தேர்வாளர்களின் பாலியல் அத்துமீறலைத் தமிழ்ப் படமொன்று இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியதும் அபூர்வம். ஆனாலும் அந்தப் படத்திலும் நாயகன் பொய்யான பாலியல் புகாரால் சென்னைக்கு மாற்றப்பட்டவன். பயிற்சியாளர்மீதான காதலே மதியின் உந்துதலாகவும் ஆகிறது. பயிற்சியாளர் கையில்தான் அவளுடைய தேர்வும் சாப்பாடும் எதிர்காலமும் இருக்கும் என்கிறபோது, அந்த உறவில் அவள் ‘வேண்டாம்’ என்று சொல்ல எவ்வளவு இடம் இருக்கும்? சென்னையில் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் 2021இல் போக்சோ சட்டத்தில் கைதானபோது எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

ஆனால், இந்தக் கதைகளின் நிஜமான பரிசோதனை வெற்றியில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்த பிறகு கதை என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர் சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள், தலித் பெண். தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2006 டிசம்பரில், 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாட்களில் அவரைப் பாலினப் பரிசோதனைக்கு உட்படுத்தி, தோற்றார் என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பறிக்கப்பட்டதைத் தொலைக்காட்சிச் செய்தியில்தான் தெரிந்துகொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். உடம்பு அவருடையது, அதைப் பற்றிய தகவல் அவரைத் தவிர எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாடு அரசு அவரைக் கைவிடவில்லை. அன்றைய முதல்வர் மு. கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். அந்தப் பணத்தில் சாந்தி தன் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் நடத்தினார். தொடர்ந்து நடத்த யாரும் உதவவில்லை. 2012இல் அவர் மறுபடியும் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நின்றார். ‘சூளையிலிருந்து ஆசியாவுக்கு’ என்று எழுதத் தெரிந்த கதைக்கு, ஆசியாவிலிருந்து சூளைக்குத் திரும்பியவளைப் பற்றி ‘பரிதாபம்’ என்பதற்குமேல் ஒரு சொல்லும் தெரியவில்லை. அதன்பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் படித்து, 2016இல்தான் அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை வாங்கினார். தோஹாவிலிருந்து அந்த வேலைக்குப் பத்து வருடம். பதக்கம் இன்றுவரை திரும்பவில்லை.

சாந்தியின் கதையைத் தமிழ் சினிமா தொட்டது. ‘எதிர்நீச்சல்’ (2013) படத்தில் நந்திதா நடித்த வள்ளி, பாலினப் பரிசோதனையில் தோற்றதாகச் சொல்லி ஒதுக்கப்பட்ட ஓட்டக்காரி. இந்த விஷயத்தை ஒரு வணிகப் படம் பேசியதே பெரிது என்று அப்போது சொன்னார்கள். ஆனால் படம் எப்படித் தீர்த்தது? பரிசோதனை முடிவே சதி என்று. வள்ளி ‘உண்மையிலேயே பெண்தான்’ என்று நிம்மதி அடைந்த பிறகுதான் நமக்கு அவளுக்காக வருத்தப்பட அனுமதி. பரிசோதனை சரியாகவே நடந்து, அவள் உடம்பின் ஹார்மோனோ குரோமோசோமோ மருத்துவர்களின் கட்டத்துக்குள் அடங்காமல் இருந்திருந்தால்? அப்போதும் அவள் பெண்ணாக வளர்ந்த, பெண்ணாக வாழ்கிற, ஓடி ஜெயித்த வள்ளிதானே? அந்தக் கேள்வியைப் படம் தாண்டி ஓடிவிடுகிறது. உச்சக்காட்சியில் மாரத்தான் ஓடுவதும் அவளல்ல, அவள் காதலன்.

ஒடிசாவின் டூட்டி சந்த் அந்தக் கேள்வியை நிஜத்தில் கேட்டார். உடம்பில் இயல்பாகவே டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று 2014இல் காமன்வெல்த் போட்டிக்கு முன் அவரை நீக்கினார்கள். அவர் சூளைக்கோ வீட்டுக்கோ திரும்பாமல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில் மன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. சாந்திக்கும் டூட்டிக்கும் மனவுறுதியில் வித்தியாசம் இல்லை. டூட்டிக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள், இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. சாந்திக்கு எட்டு வருடம் முன்பு இவை எதையும் யாரும் கொடுக்கவில்லை. அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. உலகத் தடகளச் சம்மேளனம் 2018இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவில் உலகப் போட்டிகளில் ஓட வேண்டுமென்றால் மரபணுச் சோதனை கட்டாயம். ஆணாக ஓடுகிறவர் தன்னை ஆணென்று நிரூபிக்க வேண்டியதில்லை.

இன்னொரு தோஹா. 2019 ஏப்ரலில் திருச்சி முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு 30 வயது. அப்பா புற்றுநோயில் இறந்திருந்தார். இரண்டு கால்களிலும் வேறு வேறு ஷூ என்ற செய்தி நாடு முழுக்கப் பரவியது. வறுமைக்கு ஒரு புகைப்படம் கிடைத்துவிட்டதில் எல்லாருக்கும் திருப்தி. அவர் பெங்களூரில் வருமான வரித்துறையில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி எடுத்தவர் என்பது அந்தப் புகைப்படத்துக்குள் அடங்காததால் விடுபட்டது. கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு ரொக்கம் அறிவித்தன.

சில வாரங்களில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். நான்கு வருடத் தடை, தங்கமும் போனது. தான் தெரிந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றார் கோமதி. அவர் குற்றமற்றவர் என்று வாதாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஊக்கமருந்து விதியின்படி, ஒரு வீராங்கனையின் உடம்பில் என்ன இருந்தாலும் அவளே பொறுப்பு. எப்படி வந்தது என்று அவள்தான் நிரூபிக்க வேண்டும். ஊட்டச்சத்து நிபுணரும் மருத்துவரும் வழக்கறிஞரும் கூடவே இருக்கிற வீராங்கனைக்கும், யார் எதைக் கொடுத்தாலும் நம்பிச் சாப்பிடும் வீராங்கனைக்கும் ஒரே விதி. நேற்றுவரை அவருடைய ஷூவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், அந்த மருந்து எந்தக் கையிலிருந்து வந்தது என்று கேட்கவில்லை. ஜெயித்தபோது எல்லாம் அவளாலே. விழுந்தபோதும் எல்லாம் அவளாலே. இரண்டும் ஒரே கதைதான் என்பது இங்கே வெளுத்துவிடுகிறது.

இந்தக் கதையை ஏற்க மறுத்து, ‘கொடுக்கவில்லை’, ‘செய்தார்’ என்று பெயர் சொல்லிப் பேசிய பெண்கள் இருக்கிறார்கள். ‘தங்கல்’ (2016) படம் ஹரியானாவின் போகட் குடும்பத்தை நாடறியச் செய்தது. அதிலும் சம்மேளனத்தின் குறை ஒரு கெட்ட பயிற்சியாளராகச் சுருங்கி, அப்பாவால் தீர்ந்துவிடுகிறது. ஆறு வருடம் கழித்து, 2023 ஜனவரியில், அதே குடும்பத்தின் வினேஷ் போகட், சாக்ஷி மாலிக்குடன் சேர்ந்து தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார். மல்யுத்தச் சம்மேளனத்தின் அன்றைய தலைவரும் எம்பியுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்பது குற்றச்சாட்டு, அவர் மறுத்தார். உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே தில்லி போலீஸ் வழக்குப் பதிந்தது. மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் திறப்பு விழா நடந்துகொண்டிருக்க, அந்தப் பெண்களைப் போலீசார் தெருவில் இழுத்துப்போய் வண்டியில் ஏற்றினார்கள். டிசம்பரில், அவருக்கு நெருக்கமானவரே சம்மேளனத் தேர்தலில் ஜெயித்ததும், சாக்ஷி தன் ஷூவை மேசைமேல் வைத்துவிட்டு விளையாட்டிலிருந்து விலகினார்.

வறுமையை வென்றவளை நாம் கொண்டாடுகிறோம். அமைப்பை எதிர்த்துப் பேசுகிறவளை ‘இவளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்’ என்று கேட்கிறோம். வறுமையைக் கடப்பதில் யாருக்கும் சங்கடம் இல்லை, அதற்கு முகம் இல்லை என்பதால்.

‘அப்படியானால் இவர்களின் மனவுறுதிக்கு மதிப்பே இல்லையா’ என்று கேட்கலாம். இருக்கிறது. அதை எதற்குச் செலவழிக்க வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. பெண்கள் கிரிக்கெட் ஒரு நல்ல உதாரணம். 1970களில் ஆடிய பெண்கள் முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் போய், கூடத்தில் படுத்துத் தூங்கி ஆடினார்கள். உறுதியில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. 2006இல் பெண்கள் கிரிக்கெட் பிசிசிஐயின்கீழ் வந்தது. 2015இல் பெண்களுக்கு மத்திய ஒப்பந்தம், 2022இல் ஆண்களுக்கு இணையான ஆட்டக் கட்டணம், 2023இல் மகளிர் பிரீமியர் லீக். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் ஹர்மன்ப்ரீத் கௌரின் அணி உலகக் கோப்பையைத் தூக்கியது. அந்தக் கோப்பைக்குப் பின்னால் இருப்பது சம்பளப் பட்டியலும் ஆட்ட அட்டவணையும். பசியோடும் அவமானத்தோடும் போராடிச் செலவாகியிருக்க வேண்டிய உறுதி, பந்தின்மேல் செலவானது.

தமிழ்நாடு அரசு 2021இல் ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி ரூபாய் என்று அறிவித்தது. ஜெயித்த பிறகு வரும் 3 கோடி நல்லதுதான். ஜெயிப்பதற்கு முன்பு, பன்னிரண்டு வயதில் ஒரு பெண்ணுக்கு வேண்டியவை விலை குறைந்தவை: பூட்டாத கழிப்பறை, கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்ளாத விளையாட்டு வகுப்பு, பஸ் காசு, முட்டை, ஒரு ஜோடி ஷூ, தப்பாகத் தொட்டால் போய்ச் சொல்ல ஒரு பெண் அலுவலர்.

இப்போதெல்லாம் அப்படியொரு செய்தி வந்தால் பேனாவை எடுத்துக்கொள்கிறேன். ‘கிடைக்கவில்லை’ என்று இருக்கும் இடத்தில் எல்லாம் ‘கொடுக்கவில்லை’ என்று எழுதி, முன்னால் ஒரு கோடு போட்டு இடம் விடுகிறேன். அந்த இடத்தில் யார் பெயர் வர வேண்டும் என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நிருபர்கள் கேட்டு எழுதினால் நமக்கும் தெரியவரும்.